வீட்டில் கட்டிய கார் ரோட்டுக்கு வர: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், இங்கிலாந்தில் கவென்ட்ரியில் என் வீட்டு கராஜில் மூன்று குளிர்காலம் உட்கார்ந்து கட்டிய இரண்டு சீட்டு காரைப் பற்றி எழுதியிருந்தேன். 1999-ஆம் வருஷத்து மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை 600 பவுண்டுக்கு வாங்கிப் பிரித்தேன். அதன் எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஸ்டியரிங் எல்லாவற்றையும் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கார் உதிரிபாகத் தொகுப்பு (கிட்) விற்கும் கம்பெனி ஒன்றின் புது சேசிஸில் பூட்டினேன். கட்டிய கதையை நீளமாகச் சொல்லிவிட்டு, 'பிறகு சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவு செய்தேன்' என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். கேட்டவர்கள் கேட்டது சரி. அந்த ஒரு வரிக்குள் ஒரு வருஷ வேலை இருக்கிறது.

மில்டன் கீன்ஸிலிருந்து ஒரு வாசகர்: ஆசையாக ஒரு கிட் ஆர்டர் செய்யப் போகிறேன். பத்தாயிரம் பவுண்டு கொட்டிக் கட்டி முடித்த பிறகு, 'இது ரோட்டில் ஓடக் கூடாது' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. எங்கே தொடங்க வேண்டும்?

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஐவிஏ சோதனைக்கான கையேட்டைத் தரவிறக்கிப் படியுங்கள். கார்களுக்கான கையேடு அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தடிமனானது. நான் அச்சிட்டு, ஃபைல் போட்டு, கராஜில் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். கிரீஸ் கறை படாத பக்கம் அதில் இல்லை.

ஐவிஏ என்பது தனி வாகனத்துக்கான ஒப்புதல் சோதனை. பெரிய கம்பெனிகள் ஒரு மாடலைச் சோதித்து ஒப்புதல் வாங்கிவிட்டால், அதே மாதிரி லட்சம் கார் விற்கலாம். நம்முடையது உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது, அதனால் அந்த ஒன்றையே நிறுத்திவைத்துச் சோதிக்கிறார்கள். 1998-இல் எஸ்விஏ என்ற பெயரில் தொடங்கியது, 2009-இல் இன்னும் கண்டிப்பான ஐவிஏ ஆனது. சோதனையை நடத்துவது டிவிஎஸ்ஏ. அதில் தேறிய சான்றிதழை வைத்துக்கொண்டு நம்பர் கேட்க வேண்டிய இடம் ஸ்வான்சியில் இருக்கும் டிவிஎல்ஏ. இரண்டும் வேறு வேறு அலுவலகம், பார்க்கும் பார்வையும் வேறு. முதலாவது, கார் ஆபத்தில்லாததா என்று பார்க்கும். இரண்டாவது, இந்தக் கார் எதிலிருந்து வந்தது, இதன் வயது என்ன, திருட்டுப் பொருள் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும். முதல் கேள்விக்கு இரும்பில் பதில் சொல்ல வேண்டும், இரண்டாவதற்குக் காகிதத்தில்.

காகிதத்தைத்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். ஒரு பெரிய பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கிட்டின் ரசீது, டோனர் காரின் (உறுப்புகளுக்காக வாங்கிப் பிரித்த பழைய காரின்) லாக் புக் என்ற பதிவுப் புத்தகம், வாங்கிய ஒவ்வொரு போல்ட் பொட்டலத்தின் பில், எல்லாம் அதற்குள் போகட்டும். வாரம் ஒரு முறை போட்டோ எடுங்கள். சில போட்டோக்களிலாவது நீங்களும் இருக்க வேண்டும். அமெச்சூர் கார் என்றால் அதை நீங்களே, உங்கள் சொந்த உபயோகத்துக்குக் கட்டியதாக உறுதிமொழி தர வேண்டும். அதற்கு அந்தப் போட்டோக்கள்தான் சாட்சி. என் போட்டோ ஒன்றில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, சேசிஸுக்கு அடியில் படுத்து பிரேக் பைப் வளைத்துக்கொண்டிருக்கிறேன். மனைவி டீ கொண்டுவந்தபோது எடுத்தது. விண்ணப்பத்தோடு அதையும் அனுப்பினேன்.

சேசிஸ் எண்ணை முதல் நாளே சரிபாருங்கள். சேசிஸில் குத்தியிருக்கும் எண்ணும் ரசீதில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். என் ரசீதில் ஒரே ஒரு இலக்கம் மாறி அச்சாகியிருந்தது. மூன்று வருஷம் அதைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன். டிவிஎல்ஏவுக்கு அனுப்பப் போகும் நேரத்தில்தான் கண்ணில் பட்டது. திருத்திய ரசீது வாங்க இரண்டு வாரம் போயிற்று. சேசிஸையே நீங்கள் வெல்டு செய்து கட்டுவதாக இருந்தால், எண்ணை டிவிஎல்ஏவிடம் விண்ணப்பித்து வாங்கிக் குத்த வேண்டும்.

உங்கள் வீட்டாரின் பயத்துக்கு நேரான பதில்: முதல் தடவை தேறாமல் போவது சகஜம். அதனால் யாரும் காரைப் பிடுங்கிக்கொள்வதில்லை. குறைகளை எழுதிக் கொடுப்பார்கள், சரிசெய்துகொண்டு மறுபடி போகலாம். 2018-இல் நான் போனபோது சோதனைக் கட்டணம் 450 பவுண்டு, மறு சோதனைக்கு 90. நான் இரண்டும் கட்டினேன். திருத்தவே முடியாத தவறு என்றால் அது கட்டும்போதே ஆழத்தில் புதைந்துபோகும் தவறுதான். சீட் பெல்ட் பூட்டும் புள்ளி தவறான இடத்தில் இருப்பது, மோதினால் மடங்காமல் நெஞ்சில் குத்தும் ஸ்டியரிங் தண்டு, இப்படிப்பட்டவை. பெயின்ட் அடித்த பிறகு அவற்றைத் திருத்துவது மிகக் கொடுமை. கையேட்டை முன்கூட்டிப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

ரெடிங்கிலிருந்து: கியூ நம்பர் பிளேட் வந்தால் காரின் மதிப்பு போய்விடும் என்கிறார்கள். அதைத் தவிர்ப்பது எப்படி?

கியூ என்ற எழுத்தில் தொடங்கும் நம்பர் 1983-இலிருந்து இருக்கிறது. காரின் வயதையோ பூர்வீகத்தையோ உறுதிசெய்ய முடியவில்லை என்றால் அதைத் தருகிறார்கள். அது தண்டனை இல்லை, காரும் சட்டப்படி ஓடலாம். ஆனால் சில இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தயங்கும், விற்கும்போது விலை இறங்கும், அதை மறைக்க ஃபேன்சி நம்பர் வாங்கி மாட்டவும் முடியாது.

எந்த நம்பர் வரும் என்பது நீங்கள் என்னென்ன பொருள் போட்டுக் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எல்லாமே புதுசு, ரசீது இருக்கிறது என்றால் அந்த வருஷத்துப் புது நம்பர் கிடைக்கும். அதிலும் ஒரே ஒரு பெரிய உறுப்பு மட்டும் புதுப்பித்ததாக இருக்கலாம். அதைப் புதுசுக்குச் சமமாகப் புதுப்பித்ததற்கு ஆதாரம் வேண்டும். பெரும்பாலும் எஞ்சினைத்தான் அப்படிப் போடுவார்கள். கிட் கம்பெனியின் புது சேசிஸில், ஒரே டோனர் காரிலிருந்து எடுத்த இரண்டு பெரிய உறுப்புகளாவது இருந்தால், அந்த டோனரின் வயதுக்கு ஏற்ற நம்பர். என்னுடையது இந்த வகை. டோனர், வி எழுத்து நம்பர் தந்துகொண்டிருந்த 1999 கடைசியில் பதிவானது, அதனால் எனக்கு வந்த நம்பர் வி-யில் தொடங்குகிறது. இரண்டு மூன்று கார்களிலிருந்து ஒன்றொன்றாகப் பொறுக்கிக் கட்டினாலோ, லாக் புக் இல்லாமல் கட்டினாலோதான் கியூ.

ஆகவே டோனர் வாங்கும்போது பார்க்க வேண்டியது எஞ்சின் சத்தத்தை மட்டுமல்ல. லாக் புக் இருக்கிறதா, விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா, சேசிஸ் எண் பொருந்துகிறதா என்று பாருங்கள். வாங்கியதும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 'உடைத்தாயிற்று' என்று ஸ்கிராப் சான்றிதழ் போட்ட காராக இருந்தால் தொடாதீர்கள். விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள், டோனர் வாங்கும் வாரத்தில் டிவிஎல்ஏ பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லெஸ்டரிலிருந்து: சோதனை அன்று உண்மையில் என்ன நடக்கும்? உங்கள் கார் எதில் விழுந்தது? மறைக்காமல் சொல்லுங்கள்.

மறைக்க ஒன்றும் இல்லை. ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனேன். லாரிகள் வரிசையாக நிற்கும் பெரிய கொட்டகை. என் கார் அதில் ஒரு செருப்பு மாதிரி கிடந்தது. சோதனை அதிகாரி ஐம்பது வயதுக்காரர், நிதானமானவர். முதலில் பானெட்டைத் திறந்து சேசிஸ் எண்ணைத் தடவிப் பார்த்தார். அப்புறம் ஐந்து மணி நேரம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

இந்தச் சோதனையின் முக்கியமான ஒரு பகுதி எதைப் பற்றியது தெரியுமா? கூர்மையைப் பற்றியது. காருக்கு வெளியே, ஒரு மனிதன் மேல் படக்கூடிய எந்த விளிம்பும் 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் உருண்டிருக்க வேண்டும். எது 'படக்கூடியது' என்பதற்கு ஓர் அளவு உண்டு. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையைக் காரின் மேல் உருட்டினால் அது தொடும் இடமெல்லாம் கணக்கில் சேரும். உருண்டை உள்ளே போக முடியாத சந்தில் இருக்கும் கூர்மை கணக்கில் வராது. காருக்குள்ளே, தலை மோதக்கூடிய பகுதிக்கு உருண்டை பெரிசு, 165 மில்லிமீட்டர்.

நான் கைவினைக் கடையில் 100 மில்லிமீட்டர் தெர்மோகோல் உருண்டை ஒன்று வாங்கி, அதில் நீலச் சாக்பீஸ் தூளை அப்பி, கார் முழுக்க உருட்டினேன். நீலம் ஒட்டிய இடத்தையெல்லாம் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வெளியே தெரியும் விஷ்போன் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கவை வடிவக் கை) போல்ட்டுகள், சைலன்சர் கிளாம்பின் மரை முனை, ஹெட்லைட் தாங்கியின் ஓரம், மட்கார்டின் அடி விளிம்பு, எல்லாம் நீலம். வட்ட அரம் எடுத்து ஒவ்வொன்றாக ராவினேன். ராவ முடியாத போல்ட் முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி, தகட்டு ஓரங்களுக்கு ரப்பர் பீடிங். இதற்கு மட்டும் ஐந்து வாரக் கடைசிகள் ஆயின.

கோவை கணபதியில் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். கடைசல் முடிந்த பீஸை எடுத்து முழங்கையின் உள்பக்கத்தில் மெல்ல இழுத்துப் பார்ப்பார். தோலில் கீறினால், "பிசிறு நிக்குது, எடுத்துட்டு வா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். வாங்குகிறவன் அதைக் கையால்தானே எடுக்கப் போகிறான் என்பார். அந்தக் கராஜில் அரத்தோடு உட்கார்ந்திருந்தபோது, அப்பா பட்டறையில் கற்றதைத்தான் மறுபடியும் செய்துகொண்டிருந்தேன். ஒரு பையன் பந்தின் பின்னால் ஓடிவந்து என் கார் மீது விழுந்தால், என் போல்ட் முனை அவன் முகத்தில் என்ன செய்யும் என்பதுதான் அந்த 2.5 மில்லிமீட்டர். சோதனை முடிந்ததும் மூடிகளையும் பீடிங்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, 'இப்போதுதான் கார் அழகாக இருக்கிறது' என்று ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். என் காரில் அத்தனை மூடிகளும் இன்னும் இருக்கின்றன, வெயிலில் வெளுத்தவற்றை மாற்றிக்கொண்டே வருகிறேன்.

சரி, விழுந்தவற்றுக்கு வருகிறேன். மூன்று.

முதலாவது, பின்னால் நம்பர் பிளேட் விளக்கைத் தாங்கும் சின்னத் தகடு. அதன் வலது மூலையை ராவ மறந்திருக்கிறேன். அவர் விரலை வைத்துக் காட்டினார். சாக்பீஸ் உருண்டையை உருட்டிய நாளில் அந்த விளக்கை நான் இன்னும் பூட்டியிருக்கவில்லை.

இரண்டாவது, பெட்ரோல் டாங்க் மூடி. அது கழன்று தொலைந்துபோகாதபடி சங்கிலியாலோ சாவியாலோ காரோடு பிணைந்திருக்க வேண்டும். என்னுடையது தனியாகக் கையில் வந்தது.

மூன்றாவதுதான் பெரிசு. ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்ப வேண்டும். மெதுவாக ஓட்டிக்கொண்டே ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பிக் கையை விடுவார். சக்கரங்கள் தாமாகவே நேருக்கு வரத் தொடங்க வேண்டும். என் காரில் திருப்பியது திருப்பியபடியே நின்றது. எடை குறைந்த கார்களில் இது அடிக்கடி வரும் குறை. எம்எக்ஸ்-5 ஒரு டன் எடைக்கு வடிவமைத்த கார், அதே ஸ்டியரிங்கை அறுநூறு கிலோ காரில் பூட்டினால், சக்கரத்தைத் திருப்பிக் கொண்டுவரப் போதுமான எடை முன்னால் இருப்பதில்லை. மருந்து காஸ்டர் கோணம். சக்கரம் திரும்பும் அச்சு மேலே பின்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அந்த அளவுக்குத் தானாகத் திரும்பும் குணம் கூடும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். மேல் விஷ்போனுக்குப் பின்பக்கம் இருந்த வாஷர்களைக் கழற்றி முன்பக்கம் போட்டேன், விஷ்போன் பின்னுக்குத் தள்ளிப் போனது. முன் டயர்களில் காற்றையும் கொஞ்சம் கூட்டினேன். காலியான சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கிங்கில் ஓட்டிப் பார்க்க நம்பர் இல்லாத காருக்கு அனுமதி கிடையாது, அதனால் தெரிந்தவர் ஒருவரின் பண்ணை முற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். கையை விட்டதும் ஸ்டியரிங் மெல்ல உருண்டு நேருக்கு வந்தது. இரண்டு தடவை, மூன்று தடவை செய்து பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

தேறியவற்றிலும் சொல்ல வேண்டியது உண்டு. சத்தம் 99 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. சைலன்சர் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் 45 டிகிரியில் மைக் வைத்து அளப்பார்கள். எனக்கு 96 வந்தது. புகைக்கு, எஞ்சினின் வயதுக்கு ஏற்ற வரம்பு. 1999 எஞ்சின் என்றால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். அது சூடாகாமல் வேலை செய்யாது. டிரெய்லரில் வந்த கார் ஜில்லென்று இருக்கும், ஆகவே அவரிடம் சொல்லிவிட்டு, முதலில் பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிடுங்கள். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தை விடக் குறைத்துக் காட்டவே கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டினால் பரவாயில்லை. டயர் அளவை மாற்றியவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பிரேக் பிடித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளக் கூடாது. பிரேக் ஆயில் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். பின்பக்க ஃபாக் லைட் நடுவிலோ டிரைவர் பக்கத்திலோ இருக்க வேண்டும், அது எரிவதைக் காட்டும் விளக்கு டேஷ்போர்டில் இருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனேன். விழுந்த மூன்றை மட்டும் பார்த்தார். நாற்பது நிமிஷத்தில் சான்றிதழ் கையில். அதோடு வி55/5 படிவம், கட்டிய விவரங்களுக்கான வி627/1 படிவம், லாக் புக், ரசீதுகள், போட்டோக்கள், முதல் பதிவுக் கட்டணம் 55 பவுண்டு எல்லாம் சேர்த்து ஸ்வான்சிக்கு அனுப்பினேன். முழுக்கப் புதுப் பொருளால் கட்டியவர்களுக்கு வி55/4. என் நம்பர் வர ஏழு வாரம் ஆனது.

ஹாரோவிலிருந்து: யாரோ பாதி கட்டி விட்டுவிட்ட கார் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பணத்தை எடுப்பதற்கு முன் காகிதங்களைக் கேளுங்கள். கிட் ரசீது, டோனரின் லாக் புக், கட்டியபோது எடுத்த போட்டோக்கள், இந்த மூன்றும் அவரிடம் இருந்து உங்கள் கைக்கு வருமானால் யோசிக்கலாம். 'லாக் புக் எங்கேயோ இருக்கு, தேடி அனுப்புறேன்' என்றால் அந்தக் காரைக் கியூ நம்பர் கார் என்று கணக்கிட்டு விலை பேசுங்கள், இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். அவர் செய்த வெல்டிங்கையும் பிரேக் பைப்பையும் நம்பாதீர்கள். பிரித்துப் பாருங்கள். அவர் ஏன் பாதியில் விட்டார் என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் வயரிங்கில்தான் இருக்கும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: ஒரு தனி ஆள் வீட்டில் கட்டிய காரை அந்த நாட்டு அரசாங்கம் எப்படி அனுமதிக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம். இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

வரியால் வந்தது. போருக்குப் பிறகு பிரிட்டனில் புதுக் கார்களுக்குக் கொள்முதல் வரி கடுமையாக இருந்தது. உதிரிபாகங்களாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன் இந்தச் சந்தில் நுழைந்த கார். பெட்டிகளில் வரும், வாரக் கடைசிகளில் பூட்டி முடித்து, திங்கட்கிழமை வேலைக்கு ஓட்டிப் போகிறவர்கள் இருந்தார்கள். 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அதே வருஷம் லோட்டஸ் அந்தக் காரைக் கைவிட, அதை விற்றுவந்த கேட்டர்ஹாம் நிறுவனம் உரிமையை வாங்கித் தயாரிப்பைத் தொடர்ந்தது. வரிச் சலுகை போனாலும், சொந்தக் கையால் கட்டும் பழக்கம் போகவில்லை. அரசாங்கமும் அதைத் தடை செய்யாமல், சோதனை வைத்து ஒழுங்குபடுத்தியது. அந்த முடிவை நான் மனதார மதிக்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: அண்ணா, நானும் நண்பர்களும் மாருதி 800 எஞ்சின் வைத்து ஒரு கார் கட்டியிருக்கிறோம். சேசிஸ் நாங்களே வெல்டு செய்தது. ஆர்.டி.ஓ ஆபீஸில் பதிவு செய்ய என்ன வழி?

தம்பி, உன் கடிதத்தைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். நீ விரும்பாத பதிலை நேராகவே சொல்கிறேன். பிரிட்டனில் இருப்பது போல் ஒற்றைக் காரைக் கொண்டுபோய்ச் சோதித்து நம்பர் வாங்கும் எளிய வழி நம் ஊரில் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 126-ஆவது விதிப்படி, தயாரிப்பாளர் தன் வாகனத்தின் முன்மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் ஜிஏஆர்சி போன்றவை அப்படிப்பட்டவை. அந்த வழி தொழிற்சாலைகளுக்காகப் போட்டது. மூன்று மாணவர்கள் தாங்கக்கூடிய செலவில்லை.

'பழைய மாருதியின் ஆர்.சி புக் இருக்கிறதே, அதை வைத்து ஓட்டலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சேசிஸே வேறு என்ற பிறகு அந்த ஆர்.சி உன் காருக்குச் சொந்தமில்லை. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் நிற்காது, அடிபட்டவருக்கு உன் குடும்பம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் கட்டியதை வீணென்று நினைக்காதே. உன் ஊரிலேயே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. யாருடைய பெயர் அது தெரியுமா? கரிவரதன். நீ வைத்திருக்கும் அதே மாருதி 800 எஞ்சினை வைத்து எண்பதுகளில் ஒற்றை சீட்டு ரேஸ் கார்களைக் கோவையில் கட்டியவர். ஃபார்முலா மாருதி பந்தயம் அதில்தான் பிறந்தது. மூடிய டிராக்கில் ஓட நம்பர் பிளேட் வேண்டாம், ஆனால் அங்கேயும் பாதுகாப்புப் பரிசோதனை உண்டு. கல்லூரி அணிகளுக்கான ஃபார்முலா பாரத் போட்டியும் அந்த டிராக்கில் நடந்திருக்கிறது. அதன் விதிப் புத்தகத்தை எடுத்து உன் சேசிஸை அதோடு ஒப்பிட்டுப் பார். எங்கே இடிக்கிறது என்று எழுது, பதில் போடுகிறேன். வெல்டிங்கின் போட்டோவும் அனுப்பு, கிட்டத்தில் எடுத்ததாக.

ஸ்லாவிலிருந்து: நம்பர் இல்லாத காரைச் சோதனைக்கு ஓட்டிக்கொண்டு போகலாமா? இன்ஷூரன்ஸ்?

முன்பதிவு செய்த ஐவிஏ சோதனைக்குப் போகவும் வரவும் ஓட்டலாம். ஆனால் இன்ஷூரன்ஸ் கட்டாயம், கார் ரோட்டில் ஓடும் தகுதியில் இருக்கவும் வேண்டும். கிட் கார்களுக்கென்றே இருக்கும் இன்ஷூரன்ஸ் தரகர்கள் சேசிஸ் எண்ணை வைத்து பாலிசி தருவார்கள், நம்பர் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். நான் டிரெய்லரைத்தான் சொல்வேன். ஒருநாளும் ரோட்டில் ஓடாத காரின் முதல் ஓட்டம், மனசு படபடக்கும் காலையில் மோட்டார்வேயில் இருக்க வேண்டாம்.

குராய்டனிலிருந்து ஒரு சகோதரி: என் கணவர் இரண்டு வருஷமாகக் கட்டுகிறார். மகனுக்கு ஏழு வயது, அப்பாவோடு முதல் ஆளாகப் போக வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான். சோதனையில் தேறிவிட்டால் அது மற்ற கார்கள் மாதிரி பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இல்லை, சகோதரி. சோதனையில் தேறிய கார் என்றால் பிரேக், ஸ்டியரிங், விளக்கு, பெல்ட் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்று ஒரு தேர்ந்த ஆள் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். உங்கள் வீட்டுக் காரில் இருக்கும் ஏர்பேக் இதில் இராது. கதவுக்குள் இரும்புச் சட்டம் இராது, சில கார்களில் கதவே இராது. மோதிப் பார்த்து யாரும் சோதித்ததில்லை. நான் என் காரை வெயில் நாளில், கிராமத்து ரோட்டில், பகலில் ஓட்டுகிறேன். மழையில் எடுப்பதில்லை, மோட்டார்வேக்குக் கொண்டுபோவதில்லை. மகளைக் கூட்டிப்போகிறேன், ஆனால் அவள் இருக்கும்போது என் வேகம் வேறு.

இந்த ஊரில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைகளுக்குத் தகுந்த சீட் வேண்டும். உங்கள் மகனின் பூஸ்டர் சீட் சாதாரண மூன்று முனை பெல்ட்டுக்காகச் செய்தது. ரேஸ் கார் மாதிரி நான்கு முனை ஹார்னெஸ் போட்டுவிட்டால் அந்த சீட்டை ஒழுங்காகக் கட்ட முடியாது. கட்டுகிறவர்கள் அழகுக்காக இரண்டு பக்கமும் ஹார்னெஸ் போட்டுவிடுகிறார்கள். பயணி பக்கத்துக்கு மூன்று முனை பெல்ட் வேண்டும் என்று இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள். அதற்கு, மேல் பக்கத்தில் தோளுக்குப் பின்னால் ஒரு புள்ளி வெல்டு செய்ய வேண்டியிருக்கும், சேசிஸ் பெயின்ட்டுக்குப் போவதற்கு முன் செய்துவிட்டால் ஒரு மணி நேர வேலை.